கழுவேலியில் பார்த்த கலர்

அன்றைக்குக் கழுவேலி என்கிற உப்புநீர் ஏரிக் கரையில் இருந்தவர்கள் சரியாக ஐந்து பேர். நைனா, நான், நைனாவுக்குச் சாய வேலை கொடுக்கும் பட்டு முதலாளியின் மகன், அவருடைய அம்பாசிடரை ஓட்டிவந்த டிரைவர், தொப்பி போட்ட ஒரு பெரியவர். தூரத்தில் உப்பளத்துப் பாத்திகளில் சிலர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை நான் சேர்க்கவில்லை. நாங்கள் பேசியது அவர்கள் காதில் விழுந்திருக்காது.

யார் யார் இருந்தார்கள், யார் காதில் என்ன விழுந்தது என்று எண்ணிப் பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்ட பழக்கம். எங்கள் வீட்டில் ஒரு ரகசியம் இருந்தது. அது தெரிந்தவர்கள் நான்கே பேர்: நைனா, அம்மா, அத்தை, நான். ஐந்தாவது ஆளுக்கு அது என் வாயிலிருந்துதான் போகப்போகிறது என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று வாயில் துண்டு வைத்துக்கொண்டு படுத்த நாள்கூட உண்டு.

இப்போது சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. நைனாவுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறவியிலேயே அப்படித்தான். அவர் செய்த தொழில், பட்டு நூலுக்குச் சாயம் போடுவது.

என் காலத்தில் ஆரணியில் வளர்ந்த உங்களுக்கு நான் ரொம்ப விளக்க வேண்டாம். பள்ளிக்கூடம் போகிற வழியில் சாக்கடையில் என்ன கலர் தண்ணீர் ஓடுகிறதென்று பார்த்து, இன்றைக்கு எந்த வீட்டில் வாடாமல்லி, எந்த வீட்டில் அரக்கு என்று பந்தயம் கட்டியவர்கள்தானே நாம். எங்கள் வீட்டுச் சாக்கடையை மட்டும் நான் பார்க்காமல் தாண்டுவேன்.

பழைய கலர்களுக்கு நைனாவுக்குக் கண்ணே தேவைப்படாது. பொடியைத் தராசில் நிறுப்பார். தண்ணீர் கொதிக்கிற சத்தத்தை வைத்துச் சூடு சொல்வார். நூலை எத்தனை முறை புரட்டினோம் என்று எண்ணுவார். தப்பவே தப்பாது. யாராவது புதுக் கலர் கேட்டால்தான் சிக்கல். அதற்கு அத்தை இருந்தாள். நைனாவின் தங்கை. அவள்தான் இருபது வருடம் அவருக்குக் கண். தை மாதம் அவளைக் கலசப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாட்டுப்பொங்கல் முடிந்த மறுவாரம் நைனா என்னைக் கூப்பிட்டு, இரண்டு சிட்டம் நூலை நீட்டி, "இதுல எதும்மா செவப்பு தூக்கலா இருக்குது?" என்று கேட்டார். நான் காட்டினேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையாட்டினாள். அன்றைக்கு என் வயது பதினொன்று.

அம்மா முதலாளி வீட்டு ஆட்கள் எதிரில் வந்து நிற்க மாட்டாள். அவர்கள் எதிரில் வாய்விட்டுச் சொல்லவும் முடியாதல்லவா. அதனால் அத்தையின் வழியையே எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நைனாவின் இடப்பக்கம் நின்று அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கலர் பத்தாது என்றால் ஒருமுறை இழுக்க வேண்டும். ஏறிப்போச்சு என்றால் இரண்டு முறை. சரியாக வந்துவிட்டால் சட்டையை விட்டுவிட வேண்டும். அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணை யார் சந்தேகப்படுவார்கள்?

கலர் பார்க்கிற நேரம் பகல் பத்திலிருந்து மூன்று. விளக்கு வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது. வெயிலிலும் பார்க்கக் கூடாது, பட்டு மினுக்கிக் கண்ணை ஏமாற்றிவிடும். எங்கள் வீட்டு வடக்குச் சுவரின் நிழலில், நூலின் ஒரு நுனியை உலர்த்திப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட நேரமும் அதேதான். வாரத்தில் ஒருநாள் போகாமல் இருந்தது இரண்டு நாளாகி, பங்குனியில் முழு வாரமுமாக ஆனது. "லீவ் லெட்டர் குடுத்துட்டேம்மா. பரீட்சைக்குப் போய்க்கலாம்" என்றார் நைனா. நான் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். என் சமூக அறிவியல் புத்தகத்தில் அசோகர் பக்கம் முழுக்க நீலச் சாயம் சொட்டியிருந்தது. அதைப் பார்த்து டீச்சர் திட்டுவார்களோ என்பதுதான் அப்போது என்னுடைய பெரிய கவலை.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு கல்யாணப் புடவை ஆர்டர் வந்தது. பெண் ஒரு காலண்டர் படத்தைக் காட்டி, புடவையின் உடம்பு இந்த ரோஸ் பறவை கலரில் வேண்டும் என்றாளாம். பூநாரை. நைனா இரண்டு முறை மாதிரி நூல் போட்டு அனுப்பினார். இரண்டும் திரும்பி வந்தன. காலண்டரில் அச்சடித்த கலர் பொய், உயிரோடு இருக்கிற பறவையின் கலர்தான் வேண்டும் என்று பெண்ணின் அம்மா சொல்லி அனுப்பினாள்.

சின்ன முதலாளிக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். எல்லாவற்றிலும் அவசரம். "அவ்ளோதானே மேஸ்திரி? மரக்காணம் பக்கம் கழுவேலியில பங்குனி வரைக்கும் நிக்குமாம். போய்ப் பார்த்துட்டே வந்துடலாம். கலரை நேர்ல பார்த்தா நீங்க வுடுவீங்களா?" என்றார். துணிக்கு மேட்சிங் பார்ப்பதுபோல ஒரு பறவைக்கு மேட்சிங் பார்க்க நாங்கள் கிளம்பினோம். நைனாவால் மறுக்க முடியவில்லை. "பொண்ணு கடல் பார்த்ததில்ல, கூட வரட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை விடியக்காலையில் கிளம்பினோம். மாதிரி நூல்கள் கட்டிய மரவளையம் ஒன்று எங்களிடம் இருந்தது, காப்பு மாதிரி, அதில் நாற்பது கலர் தொங்கும். அதை மஞ்சள் பையில் போட்டு என் மடியில் வைத்தார் நைனா. "பையைத் தொறக்காத, நூலு கலைஞ்சிடும்" என்றார். செஞ்சி தாண்டும்வரை பெட்ரோல் நாற்றத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாந்தி எடுத்தால் பையில் பட்டுவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, திங்கட்கிழமை தமிழ்ப் பரீட்சைக்கான செய்யுளை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன்.

கழுவேலியைப் பார்த்ததும் எனக்குப் பயமாக இருந்தது. நம்ம ஊர் ஏரிக்குக் கரை என்று ஒன்று இருக்கும். இதற்கு எந்தப் பக்கம் முடிவென்றே தெரியவில்லை. தண்ணீர் முழங்கால்கூட இருக்காது, ஆனால் வானம்வரை போகிறது. உப்பும் சேறும் கலந்த வாசனை, கொதிதொட்டி ஆறியபிறகு வருகிற வாசனை மாதிரியே இருந்தது. கரையில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் மூன்று கால் தூரக்கண்ணாடி வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவராம். பறவைகள் வடக்கே திரும்புகிற காலம், போவதற்குள் கணக்கெடுக்க வந்திருக்கிறேன் என்றார். சின்ன முதலாளி விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "இதுவரைக்கும் புடவைக்காக யாரும் வந்ததில்ல. பாருங்க, பாருங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

நான் காரிலிருந்து பையை எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் நைனா குனிந்து கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"ஆஹா. நல்ல கலருங்க சின்ன முதலாளி. அப்படியே எடுத்துடலாம்."

சின்ன முதலாளி பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"மேஸ்திரி, நெசமாவே பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க."

"இன்னா கலரு?"

நைனா திரும்பி என்னைத் தேடினார். எனக்கும் அவருக்கும் நடுவில் பத்தடி. சட்டை நுனி எட்டாது.

"கொக்கு கணக்கா வெள்ளையா நிக்குது, நல்ல கலர்ன்றீங்க? இதுக்கா நான் பெட்ரோல் போட்டு இட்டாந்தேன்?"

டிரைவர் பீடியை மறைத்துக்கொண்டு, "வெள்ளைப் புடவையில பொண்ணு மணையில உக்காந்தா ஜோராத்தான் இருக்கும்" என்றான்.

வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நூற்றுக்கணக்கில் நின்றன, எல்லாம் வெள்ளை. கூர்ந்து பார்த்தால்தான் லேசாக ஒரு ரோஸ், வெள்ளைத் துணியைச் சாயம் போட்ட பாத்திரத்தில் தெரியாமல் அலசிவிட்டதுபோல. நைனாவின் இரண்டு கைகளும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. பறவைக் கூட்டத்தில் வேறு கலர் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"நைனா சொல்றது அதுங்க இல்ல" என்று கத்தினேன். "அதோ, அந்தக் குட்டைப் பறவை!"

"எதும்மா?" என்றார் தொப்பிக்காரர்.

"ஒத்தக் கால்ல தூங்குது பாருங்க ரெண்டு, அதுக்குப் பின்னாடி. தலையைத் தண்ணிக்குள்ள வெச்சிருக்குது. இப்போ தூக்குது. மூக்கு கறுப்பு!"

அவர் கண்ணாடியைத் திருப்பினார். குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார். 

"சிறு பூநாரை" என்றார் மெல்ல. "குஜராத் பக்கம் கூட்டம் கூட்டமா இருக்கும். இங்க பதினாறு வருஷமா வர்றேன், ஒண்ணுகூடப் பார்த்ததில்ல. இவ்வளவு கூட்டத்துல உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"அது மட்டும் வேற கலரா இருக்குதே சார்."

சின்ன முதலாளி பார்த்தார். "இது கலரு! மேஸ்திரி, உங்க கண்ணு கண்ணுதான்" என்று நைனாவின் முதுகில் தட்டினார். நைனா என்னைப் பார்த்த பார்வையை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் நன்றி இருந்தது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு எல்லோருக்கும் மனசு லேசாகிவிட்டது. நைனாவுக்குத் தொழில் ஆசை வந்துவிட்டது. "இதுக்கு இன்னா சாயம் சார்?" என்று கேட்டார்.

"தீனிதான். தண்ணியில இருக்கிற பாசியைத் தின்னுது, கலர் இறகுல ஏறுது."

"தீனி இல்லன்னா?"

"வெளுத்துப்போகும்."

"கேட்டுக்கோங்க சின்ன முதலாளி. சாமி போட்ட சாயமே வெளுக்குதாம். என்னைப் போய்த் திட்றீங்களே!"

டிரைவர் பீடி புகையோடு இருமி இருமிச் சிரித்தான்.

சின்ன முதலாளியும் டிரைவரும் கார் பக்கம் போனதும், தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி எனக்கு நிழல் பிடித்தார். நான் மரவளையத்தின் நூல்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியின் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தேன். ராணி கலருக்கும் வெங்காயக் கலருக்கும் நடுவில் ஒரு நூல் ஒத்து வந்தது. அதில் முடிச்சுப் போட்டேன். கரையோரத்தில் குருவி அளவுக்கு உள்ளான்கள் சேற்றைக் குத்திக்கொண்டு ஓடின. சாம்பலாக வருமாம், ஊர் திரும்புவதற்குள் செங்கல் நிறத்துக்கு மாறிவிடுமாம். சில பாதி மாறியிருந்தன, சில முக்கால், தொட்டியில் அரைகுறையாக முக்கியெடுத்த சிட்டம் மாதிரி. திடீரென்று பூநாரைக் கூட்டம் எழுந்தது. வெள்ளை என்று நினைத்த அத்தனையும் இறக்கையை விரித்ததும் உள்ளே ரத்தச் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அந்தக் குட்டைப் பறவையும் அதுகளோடு சேர்ந்தே போனது.

"எந்த கிளாஸ்மா?" என்றார் தொப்பிக்காரர், நோட்டைத் திறந்துகொண்டே.

"ஆறாவது பி சார். திங்கக்கிழமை தமிழ்ப் பரீட்சை."

பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். "முதல்ல பார்த்தவங்க பேரைத்தான் குறிப்புல போடணும். உன் பேரைப் போட்டு ஸ்கூலுக்கு லெட்டர் எழுதறேன். பிரேயர்ல படிப்பாங்க."

நான் நைனாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பறவைகள் போய்விட்ட தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம். பிரேயரில் படித்தால், நீ எதற்கடி அங்கே போனாய் என்று கேட்பார்களே, என்ன சொல்வது? நைனா காதில் கேட்டேன். "திங்கக்கிழமை பரீட்சைக்குப் போலாம்ல நைனா?"

"போலாம்மா, போலாம்" என்றார். பை என் மடியிலேயே இருந்தது.

திங்கட்கிழமை அம்மா தலைவாரி, ரிப்பன் வைத்து இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். பென்சில் டப்பாவை அவளே துடைத்துக் கொடுத்தாள். நைனா அடுப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அந்தப் புடவை நூலுக்குச் சாயம். நிமிராமலே, "ஜல்தி வந்துடும்மா, கலர் பார்க்கணும்" என்றார்.

வகுப்பு வாசலில் டீச்சர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீ எங்கடி இங்க?"

"பரீட்சை டீச்சர்."

"உங்க நைனா வந்து டி.சி. வாங்கிகினு போய்ப் பன்னெண்டு நாளாவுதே. சொல்லலியா?"

உள்ளே கேள்வித்தாள் கொடுக்கிற சத்தம் கேட்டது. என் இடத்தில், இரண்டாவது பெஞ்சு சுவரோரம், வேறு ஒருத்தி தள்ளி உட்கார்ந்திருந்தாள். டீச்சர் நல்லவர்தான். முகம் மாறிப்போய், மேசையிலிருந்து ஒரு கவரை எடுத்துவந்தார். "சனிக்கிழமை வந்துது. உன் பேருக்குத்தான். எடுத்துகினு போம்மா, வெயிலுக்கு முன்ன வூட்டுக்குப் போ."

நடக்கும்போது டப்பாவுக்குள் பென்சில் உருண்டு உருண்டு சத்தம் போட்டது. ஊரே கேட்கிறாற்போல இருந்தது. கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வழியில் கவரைப் பிரித்தேன். ஒரு வரி இன்னும் ஞாபகம் இருக்கிறது. சிறு பூநாரை, ஒன்று. முதலில் கண்டவர் என்று என் பெயர், ஆறாம் வகுப்பு மாணவி, ஆரணி. அவர் அதை எழுதிய புதன்கிழமை நான் எந்த வகுப்பிலும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி பத்துதான். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று நைனா கேட்கவில்லை. அம்மா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்கினாள். அதில் கல்லே இல்லை. ரிப்பனைக் கட்டிவிட்டவளுக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் என்னிடம் சொல்லவேண்டிய வேலையை டீச்சருக்கு விட்டுவிட்டார்கள்.

"பையில வளையம் இருக்குது, எடுத்தா" என்றார் நைனா.

பையின் உள்பையில் மடித்த காகிதம் ஒன்று விரலில் தட்டியது. என் டி.சி. காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று இருந்தது. செஞ்சி வழியாக, குமட்டலை அடக்கிக்கொண்டு, போகவர நான் மடியில் வைத்துப் பாதுகாத்தது அதைத்தான். மடித்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு வளையத்தை எடுத்துப் போனேன்.

சின்ன முதலாளி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நைனா சிட்டத்தைக் குச்சியோடு தூக்கி, நுனியைப் பிழிந்து உலர்த்தி, வடக்குச் சுவர் நிழலுக்குக் கொண்டுவந்தார். நான் இடப்பக்கம் போய்ச் சட்டை நுனியைப் பிடித்தேன். முடிச்சுப் போட்ட நூல் என் இன்னொரு கைக்குள் இருந்தது. ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது, சிவப்பு ஏறிப்போயிருந்தது. இரண்டு முறை இழுக்க வேண்டும்.

"எப்படிங்க மேஸ்திரி? எனக்கு அன்னைக்குப் பார்த்தது ஞாபகமே இல்ல. நீங்க சொன்னா சரி" என்றார் சின்ன முதலாளி.

நைனா காத்திருந்தார். அவர் முதுகு வியர்வையில் சட்டை நனைந்து என் விரலில் ஒட்டியது. ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன். பிறகு விட்டுவிட்டேன்.

"சரியா வந்துடுச்சிங்க" என்றார் நைனா.

புடவை நெய்து சென்னைக்குப் போய், வைகாசியில் திரும்பி வந்தது. "மேஸ்திரி, இது பூநாரை இல்ல, வெந்த எறா!" என்று சின்ன முதலாளி தெருவில் நின்று கத்தினார். நஷ்டத்தை நைனா தலையில் கட்டினார்கள். அதற்குப் பிறகு புதுக் கலர் வேலை எதுவும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கறுப்பும் அரக்கும் மட்டும் வந்தன. அதற்கு நைனாவின் தராசே போதும், என் கண் வேண்டியிருக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் திறந்தபோது யாரும் என்னை அனுப்பவில்லை. வீட்டில் வேலை குறைந்துபோனதால் நான் வெளியே தறிக்கு நூல் சுற்றப் போனேன். ஜூன் மாதம் திரும்பச் சேர்க்கிறேன் என்று நைனா டீச்சரிடம் சொல்லிவைத்திருந்தாராம். இதை அம்மா ரொம்ப வருடம் கழித்துச் சொன்னாள். நிஜம்தானா, என் மனசை ஆற்றுவதற்கா, தெரியவில்லை. நிஜமாக இருந்தால் அது எனக்கு இன்னும் மோசம். அந்த மரவளையம் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. லெட்டர் கரையான் தின்று போனது.

எனக்குக் கல்யாணமாகிச் சேவூருக்கு வந்தபிறகு, ரெண்டாயிரத்துக்கு அப்புறம், நைனா டவுன் பஸ் ஏறி அடிக்கடி என்னைப் பார்க்க வருவார். வாசலில் உட்கார்ந்து காபி குடிப்பார், போவார். ஒருநாள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு அந்தப் பூநாரை சிட்டம். ரொம்ப நேரம் புடிச்சிகினு இருந்துட்டு வுட்டியே. தெரிஞ்சிதான் வுட்டியாம்மா?"

அவர் டி.சி.யைப் பற்றிச் சொல்வார், அப்போது நானும் சொல்லிவிடலாம் என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன்.

"இல்ல நைனா. வெயில்ல கண்ணு கூசிடுச்சி. தெரியல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நெழல்லதானேம்மா நின்னோம்" என்றார்.

 பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். போர்டு படிக்கக் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். ஒரே நேரத்தில் இரண்டு பஸ் வந்து நின்றன, ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.

"முன்னாடி நிக்குற பச்சைதான் நைனா ஆரணி போவுது. ஏறுங்க" என்றேன்.

அவர் ஏறவில்லை. திரும்பி, பக்கத்தில் கூடையோடு நின்ற பூக்காரம்மாவிடம் கேட்டார்.

"முன்னாடி நிக்குறது பச்சைதானேம்மா? எனக்குக் கலரு தெரியாது."

எங்கள் ரகசியத்துக்கு அந்த அம்மாதான் ஐந்தாவது ஆள்.